ஒட்டுத்தாளுக்குக் கீழே

சீட்டு படிப்பது என் வேலை இல்லை. கத்தரி மேடம் அதை என் தலையில் கட்டிவிட்டார்.

பழைய சுவரொட்டிகளின் கண்காட்சி அது. கொதிக்கவைத்த தண்ணீரைக் குடி, ரயில் படியில் தொங்காதே, கிணற்றருகே குழந்தையை விடாதே என்று ஒரு காலத்தில் ஊர்ச் சுவர்களெல்லாம் அதட்டிக்கொண்டிருந்த முப்பத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பலகை, ஒரு பென்சில், ஒரு கட்டு வெள்ளைச் சீட்டு. ‘இதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று சீட்டின் தலையில் அச்சடித்திருக்கும். வந்தவர்கள் எழுதிப் பலகையில் குத்திவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை கதவு திறப்பதற்கு முன் நான் போய்ப் படித்து, அசிங்கமானதைக் கிழித்துவிட்டு மற்றதை விட்டுவைக்க வேண்டும்.

என் உண்மையான வேலை காகிதத்துக்கு வைத்தியம். கிழிந்ததை ஒட்டுவேன், மடிந்ததை நிமிர்த்துவேன், பூஞ்சை பிடித்ததைச் சுரண்டுவேன். அதனால் இங்கே எல்லோருக்கும் நான் ‘கோந்து’. கத்தரி மேடம்தான் பொறுப்பாளர். படத்துக்குக் கீழே போடும் குறிப்பு நாற்பது வார்த்தையைத் தாண்டினால் ஈவு இரக்கமில்லாமல் வெட்டிவிடுவார். சுவரில் மாட்டுகிறவர் ஆணி அண்ணன். நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டு முடித்தால்தான் ஒரு படம் சுவரில் ஏறும்.

சீட்டு அதிகம் விழுந்தது பதினாலாம் எண் படத்துக்கு.

தொழிற்சாலைப் பாதுகாப்புக்காக நாற்பத்தோரு வருடங்களுக்கு முன் வரைந்தது. இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் நேராக நம்மைப் பார்க்கிறான். வலது கை மணிக்கட்டோடு முடிந்து, துணி சுற்றியிருக்கிறது. அவனுக்குப் பின்னால், இடது மூலையில், தகரத்தில் மூடி வெட்டும் பெரிய மிஷின். அதன் வாய்க்கு முன்னால் பளீரென்று ஒரு சிவப்புத் தடுப்பு. கை உள்ளே போகாமல் காக்கிற கம்பித் தட்டி அது. மேலே கொட்டை எழுத்தில், ‘கவனம் சிதறியது. கை போனது.’

மற்றவையெல்லாம் அச்சுப் பிரதிகள். பதினாலு மட்டும் ஓவியர் கையால் வரைந்த மூலப்படம். இதைப் பார்த்து அச்சடித்த பிரதிகள் ஒவ்வொரு ஆலையிலும், பட்டறையிலும், பள்ளிக்கூட வராந்தாவிலும் வருடக்கணக்கில் தொங்கியிருக்கின்றன.

‘ஒரு கை பார்த்துட்டார் போல’ என்று ஒரு சீட்டு.

‘எங்க வீட்டுக்காரரும் போனைப் பார்த்துக்கிட்டேதான் வண்டி ஓட்டறார். இதை ஃபிரேம் போட்டு அவர் தலைமாட்டில் மாட்டணும்.’

‘மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது, தூங்குமூஞ்சி.’

‘மாமா பாவம். ஆனா பெரியவங்க சொன்னா கேக்கணும்.’ இது கோணல் எழுத்தில்.

‘சின்ன வயசில் இந்த ஆள் என் கனவில் வருவார். இன்னைக்கும் நேரா பார்க்க முடியலை.’

நானும் சிரித்தேன். ‘ஒரு கை பார்த்தவர்’ சீட்டை ஆணி அண்ணனிடம் படித்துக்கூடக் காட்டினேன். மறைப்பானேன்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி இருக்கும். பலகையில் பென்சில் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரும் நாற்பது வயதுப் பெண்ணும் பதினாலாம் எண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பெரியவரின் வலது சட்டைக் கை மடித்து, ஊக்கு குத்தியிருந்தது.

எல்லோரும் முதலில் அந்த இளைஞனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் பார்க்கவில்லை. இடது மூலையிலேயே கண்ணை வைத்திருந்தார்.

“பார்த்தாச்சுல்ல. போலாமாப்பா?” என்றாள் அந்தப் பெண்.

“இரு பாப்பா.”

அவள் பொழுது போகாமல் சீட்டுகளைப் படித்தாள். “இங்க பாருங்க. தூங்குமூஞ்சியாம் நீங்க.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

“தப்பில்ல. வரையறப்போ ஊசி போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. பாதித் தூக்கம்தான்” என்றார் பெரியவர்.

கையில் பென்சில்களோடு நான் அப்படியே நின்றேன். படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மூக்கு மாறவில்லை. காது மடல் மாறவில்லை. சுவரில் இருப்பவர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப்போனவர்கள் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவள் நான். ஒருவர் மகளோடு வந்து நிற்பார் என்று யார் கண்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இது அச்சா, கையால வரைஞ்சதா?”

“கையால வரைஞ்சதுங்கய்யா. இதை வெச்சுத்தான் அச்சடிச்சாங்க.”

“அப்போ இதுதான்.” மகளின் தோளைத் தொட்டார். “பாப்பா, இதுதான். ஓவியர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கட்டில் மேல வெச்சுக் காட்டினது இதுதான். அன்னைக்கு இதுல இந்தச் சிவப்புத் தடுப்பு இல்ல.”

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். “ஆரம்பிச்சாச்சு.”

பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்தேன். அவர் அவசரமே படாமல் சொன்னார். பல தடவை சொல்லித் தேய்ந்த பேச்சு என்பது கேட்கும்போதே தெரிந்தது.

“தகர டப்பா கம்பெனி. மூடி வெட்டற மிஷின். தடுப்பு இருந்தா, அது ஒவ்வொரு வாட்டியும் ஏறி இறங்கறவரைக்கும் கை காத்துக்கிட்டு இருக்கணும். மூடி கம்மியா விழும். அதனால மேஸ்திரி மூணு மிஷின்ல தடுப்பைக் கழட்டி மாடிப்படிக்குக் கீழ போட்டுட்டான். நான் கேட்டேன். ‘பயமா இருந்தா வீட்டுல உக்காந்து பூ கட்டு’ன்னான். பதினோரு நாள் பூ கட்டாம வேலை பார்த்தேன். பன்னெண்டாம் நாள் கை போச்சு.”

“அப்பா, மெதுவா.”

“ஓவியர் நல்ல மனுஷன். கம்பெனிக்குள்ள ரெண்டு நாள் உக்காந்து மிஷினை உள்ளபடி வரைஞ்சார். என்கிட்ட காட்டினார். தடுப்பு இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு அச்சாகி வருது, சிவப்பா ஒரு தடுப்பு முளைச்சிருக்கு. தடுப்பு இருந்தும் கையை விட்ட மடையன் நான்னு ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க. அப்புறம் எந்தப் பட்டறைக்குப் போனாலும், வாசல்லயே என் மூஞ்சி எனக்கு முன்னாடி நிக்கும். ‘ஓ, நீயா’ம்பாங்க.”

மகள் குறுக்கிட்டாள். குரலில் கோபம் இல்லை. சலித்து ஓய்ந்த குரல். “அது நடந்தப்போ நான் அம்மா வயித்துல மூணு மாசம். ரெண்டு கையோட அப்பாவை நான் பார்த்ததே இல்ல. ஆனா அந்தத் தடுப்பை தினமும் பார்த்திருக்கேன். எங்க வீட்டுல அது ஒரு ஆள் மாதிரி. சாப்பிடறப்போ வரும், தூங்கறப்போ வரும், நான் பரீட்சைக்குப் படிக்கறப்போ பக்கத்துல வந்து உக்காரும். மனு எழுதறதுக்கு இடது கையில எழுத்துப் பழகினார். எனக்கு ஒரு லெட்டர் எழுதினதில்ல. எல்லா ஆபீசுக்கும் எழுதினார். அம்மா ரெண்டு வீட்டுல வேலை பார்த்து எங்களைக் காப்பாத்தினாங்க. இவர் தடுப்பைக் காப்பாத்தினார்.”

“நீங்க நம்பலையா?” என்று கேட்டுவிட்டேன்.

“சின்னதுல நம்பினேன்” என்றாள். “அப்புறம் நானும் வேலைக்குப் போனேன். தப்பு பண்ணினவங்க எல்லாரும் ஏதோ ஒரு தடுப்பைப் பத்திப் பேசறதைப் பார்த்தேன்.”

பெரியவர் அதைக் கேட்டுத் துணுக்குறவில்லை. முன்பே கேட்டிருப்பார்.

“மேஸ்திரி செத்துட்டான்மா” என்றார் என்னிடம். “கம்பெனியும் இல்ல. ஓவியர் போய் இருபது வருஷம். யார்கிட்டயும் எனக்கு ஒண்ணும் வேண்டாம். இதோ இருக்காளே, இவ ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும். அப்பன் மடையன் இல்லன்னு.”

அவரை நேராகப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். இரக்கத்தால் இல்லை. அந்தச் சிவப்புத் தடுப்பை வரைந்து மேலே ஒட்டிய தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதங்களுக்கு முன் பதினாலாம் எண் என் மேஜைக்கு வந்தது. சுவரொட்டி வரைகிறவர்கள் ஏதாவது திருத்த வேண்டுமானால் முழுப் படத்தையும் மறுபடி வரைய மாட்டார்கள். மாற்ற வேண்டிய துண்டை மட்டும் வேறு காகிதத்தில் வரைந்து மேலே ஒட்டிவிடுவார்கள். அச்சில் தெரியாது. என் மேஜைக்கு வரும் மூலப்படங்களில் பாதியில் அப்படி ஒட்டு உண்டு. பதினாலில் சிவப்புத் தடுப்பு இருந்த துண்டே ஓர் ஒட்டுத்தாள்தான். ஒரு மூலை பிரிந்து தூக்கிக்கொண்டு நின்றது. கத்தியின் மழுங்கிய முனையால் ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்தேன். கீழே அதே மிஷின். இரண்டு தூண்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. வாய் பிளந்த இருட்டு மட்டும். கீழ்த்தட்டில் இரண்டு தகர மூடி.

‘திருத்தியிருக்கிறார்’ என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. ஓவியர்கள் ஆயிரம் திருத்துவார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒட்டுவதற்கு முன் போட்டோ எடு. அன்றைக்கு கேமரா புத்தக வேலைக்குப் போயிருந்தது. கண்காட்சிப் படங்களையெல்லாம் போட்டுப் பெரிய புத்தகம் ஒன்று வருகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். கேமரா வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. தண்ணீராகக் கரைத்த பசையை ஒட்டுக்கு அடியில் முழுக்க ஓடவிட்டு ஒட்டி, மேலே எடையை வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். பதிவேட்டில் ஒரே வரி: ‘ஒட்டுத்தாள் தளர்வு, சரிசெய்யப்பட்டது.’

நான் செய்த முதல் தப்பு அது. இரண்டாவதை அந்த பெஞ்சில் உட்கார்ந்து செய்தேன்.

‘ஐயா, நான் பார்த்தேன், தடுப்பு இல்லை’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று தோன்றியது. மகளின் கண்முன்னே ஒட்டைத் திறந்து வைத்தால் அதற்குமேல் பேச்சு எதற்கு? எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பத்தோரு வருடக் கதையை முடித்துவைக்கப் போகிறவள் அல்லவா.

“அது தனியா ஒட்டின துண்டுங்கய்யா” என்று மட்டும் சொன்னேன். “கீழ என்ன இருக்குன்னு திறந்து பார்க்க முடியும். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க.”

பெரியவர் இடது கையால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மகள்தான் கேட்டாள். “நிஜமாவே கீழ ஏதாவது இருக்குமா?”

“பார்க்கலாம்.”

“இருந்துட்டா…” என்று இழுத்தாள். அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். “இருந்துட்டா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இவரைப் பார்ப்பேன்.”

அன்று மாலையே கத்தரி மேடத்திடம் போனேன். முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“போட்டோ?”

“இல்ல மேடம்.”

“பதிவேடு?”

ஒரே வரியைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கல, கோந்து. சரி, திற. கீழ தடுப்பு இல்லேன்னா குறிப்பை மாத்தறேன். புத்தகத்துலயும் மாத்தறேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள எனக்குக் கையில வேணும்.”

புதன்கிழமை பார்வையாளர் நேரம் முடிந்ததும் ஆணி அண்ணன் படத்தை இறக்கிக் கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டவர், “சாட்சிக்காரன் கால்ல விழறதைவிட சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சொல்லுவாங்க. இங்க சண்டைக்காரன் எல்லாம் செத்தாச்சு. சாட்சி நீ ஒருத்திதான் பாக்கி. பத்திரமா திற” என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. மை ஒற்றும் தாளை லேசாக நனைத்து ஒட்டின்மேல் வைத்து, கண்ணாடித் தகட்டால் அழுத்தி, இருபது நிமிடம் காத்திருந்தேன். பசை இளகிவிட்டது. மூலை தானாகவே எழும்பியது. முனையைப் பிடித்து, மூச்சை அடக்கி, மயிரிழை மயிரிழையாகப் பிரித்தேன்.

ஒட்டுத்தாளின் முதுகில் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது.

கறுப்பும் பழுப்புமாக, குழைந்த சேறு. நிறுத்தினேன். கீழே பார்த்தேன். அங்கேயும் அதே சேறு. தூணும் இல்லை, மிஷினின் வாயும் இல்லை, இருட்டும் இல்லை. மழையில் நனைந்த நோட்டுப் புத்தகத்தைப் போல எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தது. மிச்சத்தையும் பிரித்தேன். ஏதாவது ஒரு கோடு, ஒரு விளிம்பு தப்பியிருக்காதா என்று. ஒன்றுமில்லை.

இன்றைக்கு வைத்த துளி ஈரத்தில் நடந்ததல்ல அது. இரண்டு மாதங்களுக்கு முன் என் பசையின் ஈரம் செய்த வேலை. அன்றைக்கு மேலே இருந்த சிவப்பை ஈரப் பஞ்சால் தொட்டுச் சோதித்தேன். துளி நிறமும் இறங்கவில்லை. கீழே இருப்பதும் அதே சாயம்தான் என்று எடுத்துக்கொண்டேன். கீழே இருந்தது தண்ணீரில் கரைகிற சாயம். தடுப்பை வரைந்து ஒட்டியது வேறு கை, வேறு சாயம். ஒரு பஞ்சு நுனி கீழேயும் பட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாற்பத்தோரு வருடம் ஒட்டுக்குள் பத்திரமாக இருந்ததை, காப்பாற்றுகிறேன் என்று சொல்லி நான் அழித்திருக்கிறேன்.

கத்தரி மேடம் வந்து பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் குனிந்திருந்தார்.

“பெரிய கருவி ஏதாவது…” என்றேன்.

“சாயம் அடுக்கடுக்கா இருந்தா பிரிச்சுக் காட்டும். கலந்ததை எது பிரிக்கும். உனக்குத் தெரியாததா.”

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெரியவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். மகள் வேலைக்கு லீவு போட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை இரண்டடி தள்ளியே நடந்தவள், இன்று அந்த மடித்த சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“ராத்திரி ரெண்டு பேரும் தூங்கல” என்றாள். “அப்பா கம்பெனியைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தார். முதல்முறையா உக்காந்து கேட்டேன்.”

மேஜைக்கு அழைத்துப்போனேன். ஒட்டுத்தாள் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். மகள் குனிந்து பார்த்தாள். பெரியவர் குனியவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

“இதுல என்ன தெரியுது?” என்றாள் மகள்.

“இப்போ ஒண்ணும் தெரியாது. என் தப்பு. ரெண்டு மாசம் முன்னாடி நான் ஒட்டினப்போ ஈரம் பட்டுக் கரைஞ்சுபோச்சு.” ஒட்டுத்தாளின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். “ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி நான் கீழ பார்த்தேன். தடுப்பு இல்ல. உங்க அப்பா சொல்றது உண்மை.”

மகள் நிமிர்ந்தாள்.

“பார்த்தீங்களா?”

“என் கண்ணால பார்த்தேன்.”

“செவ்வாய்க்கிழமை அவ்வளவு நேரம் பேசினோமே. பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க.”

“காட்டலாம்னு நினைச்சேன். காட்டினா நம்புவீங்கன்னு…”

சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் இளகியது.

“புரியுதுங்க” என்றாள். “வயசானவர், ஆசையா வந்துட்டார், வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்களுக்கு நல்ல மனசு.”

“இல்லம்மா. நிஜமா பார்த்தேன்.”

“சரி.” என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

நான் கத்தரி மேடத்தைப் பார்த்தேன். அவர் நேர்மையானவர். அன்றைக்கு அந்த நேர்மை எங்களுக்கு உதவவில்லை. “இவ பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா ஒட்டு இருக்கறதால மட்டும் ஒண்ணும் ஆயிடாது. தடுப்பு முதல்ல கோணலா இருந்து, நேரா வரைஞ்சு ஒட்டியிருக்கலாமேன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. மிஷினில் தடுப்பு இல்லை என்று அவர் கூறுகிறார், அப்படின்னு வேணும்னா குறிப்புல போடலாம்.”

“நாப்பத்தொரு வருஷமா அதைத்தாம்மா பண்றேன்” என்றார் பெரியவர். “கூறிக்கிட்டேதான் இருக்கேன்.”

அவர் என் பக்கம் வந்தார். முகத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சாட்சி நான்.

“நீ பார்த்தியாம்மா?”

“பார்த்தேங்கய்யா.”

“எப்படி இருந்துச்சு? சொல்லு. இவ கேக்கட்டும்.”

“ரெண்டு தூணு. நடுவுல தடுப்பு இல்ல, வெறும் இருட்டு. கீழ தட்டுல தகர மூடி ரெண்டு கிடந்துச்சு.”

“மூணு” என்றார்.

“ஐயா?”

“மூணு மூடி. மூணாவதுலதான் ரத்தம். அதை வேணும்னே வரைஞ்சேன்னு ஓவியர் சொன்னார்.”

நான் தூக்கிப் பார்த்தது ஓர் அங்குலம்தான். மூன்றாவது மூடி ஒட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். சொன்னேன். “நான் முழுசாத் திறக்கலைங்க. ஒரு மூலைதான் பார்த்தேன். அதுல ரெண்டுதான் தெரிஞ்சுது.”

மகள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஒளித்து வைத்த மிட்டாயோடு பிடிபட்ட குழந்தையிடம் சிரிப்பது போல. “விடுங்க, போதும். நீங்க சொன்னதே பெருசு.”

ஊமை கண்ட கனவு என்பார்கள். எனக்கு வாய் இருந்தும் அந்தக் கதிதான். எவ்வளவு அழுத்திச் சொல்கிறேனோ அவ்வளவுக்கு அவள் பார்வையில் இரக்கம் கூடியது. பதிவேட்டை எடுத்துக் காட்டினேன். அதில் இருந்த ஒரே வரியைப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை அல்ல, மகளை. காலையில் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இப்போது அதை விட்டுவிட்டிருந்தாள். விட்டதுகூட அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது.

“பாப்பா.”

“சொல்லுங்கப்பா.”

“நான்தான் பார்க்காம கையை விட்டுட்டேன்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “என்னது?”

“தடுப்பு இருந்திருக்கும். நான்தான் கவனிக்கல. வேற எங்கயோ ஞாபகம். வேலை போயிடுமேன்னு பயத்துல மேஸ்திரி மேல சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜம் மாதிரி ஆயிடுச்சு.” இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “தப்பு என் மேலதான்.”

“அப்பா” என்றாள். அப்படியே அவர் மார்பில் சாய்ந்து அழுதாள். துக்கத்தில் அழவில்லை. நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கிவைத்தவளின் அழுகை அது. “இதை முன்னாடியே ஒரு தடவை சொல்லியிருந்தா என்னப்பா. நாங்க என்ன உங்களை அடிக்கவா போறோம். தப்பு யாரும் பண்ணலாம்பா. யாரும் பண்ணலாம்.”

“ஆமாம்மா.”

“இவ்வளவு வருஷம். அம்மா போறவரைக்கும்.”

“ஆமாம்மா.”

“ஐயா, அப்படிச் சொல்லாதீங்க” என்று நான் வாயெடுத்தேன். அவர் மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துத் தலையை ஒரே ஒருமுறை ஆட்டினார். வேண்டாம்.

நான் வாயை மூடிக்கொண்டேன். பேசியிருக்க வேண்டுமோ என்று இன்றுவரை தெரியவில்லை. பேசியிருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்.

மகள் முகம் துடைத்துக்கொண்டு மேடத்திடம் போனாள். “குறிப்பு அப்படியே இருக்கட்டும் மேடம். அப்பாவே சொல்லிட்டார். உங்க வேலையைக் கெடுத்துட்டோம், மன்னிச்சுக்குங்க.” பிறகு என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “எங்க குடும்பத்துல யாராலயும் முடியாததை நீங்க பண்ணிட்டீங்க. இந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். போயிற்று. ‘கவனக்குறைவால் கையை இழந்த ஒரு தொழிலாளியின் உண்மைச் சம்பவத்தைக் கொண்டு வரையப்பட்டது’ என்று ஆரம்பிக்கிற குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். படியிறங்கும்போது மகள் அவர் தோளை அணைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் மனுக்களின் நகல்களையெல்லாம் இன்றைக்கே எடுத்துப்போட்டுவிடலாம், அந்த அலமாரி காலியானால் அவருக்கு ஜன்னலோரம் கட்டில் போடலாம், காற்று வரும், நன்றாகத் தூங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் அவரிடம் எப்போதாவது பேசியிருப்பாளா தெரியாது.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.